இன்சுலினுக்கு முந்தைய பத்தியம்

மாவுச்சத்தைக் குறைத்து இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பதை நேற்று முளைத்த உணவு மோகம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் 1797 முதல் 1922 வரை, மேற்கத்திய மருத்துவர்களின் கையில் இந்த நோய்க்கென இருந்த உருப்படியான சிகிச்சை இந்தப் பத்தியம்தான். இரண்டு வெவ்வேறு நோய்களை ஒரே பெயரால் அழைத்துவந்த காலம் அது. ஒரு நோயில் பத்தியம் கண்ட தோல்வி, இன்னொன்றில் அது தந்த பலனையும் சேர்த்துப் புதைத்துவிட்டது என்பதே என் வாதம்.

1776இல் லிவர்பூல் மருத்துவர் மாத்யூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி, அடியில் தங்குவது சர்க்கரை என்று காட்டினார். நோயாளியின் இரத்தமும் இனிப்பதைக் கண்டார். அடுத்து வந்தவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர் ஜான் ரோலோ. தாவர உணவிலிருந்து இரைப்பையில் சர்க்கரை உண்டாகிறது என்று அவர் நம்பினார். எனவே 1796இல் தம்மிடம் வந்த கேப்டன் மெரிடித்துக்குப் பழைய இறைச்சி, கொழுப்பு, இரத்தத்தில் செய்த பண்டம் என்று கொடுத்து, ரொட்டியைக் கடுமையாகக் குறைத்தார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது, மெரிடித் தேறினார். 1797இல் ரோலோ இதை நூலாக வெளியிட்டார். அவருடைய கொள்கை பிழை, ஆனால் கண்டது சரி. ஒரு விவரத்தை மட்டும் மறக்கக் கூடாது: மெரிடித் பருத்த உடம்புக்காரர், நடுவயதை நெருங்கியவர். இன்று அவரைப் பார்க்கும் மருத்துவர் இரண்டாம் வகை என்றே ஐயப்படுவார்.

பாரிஸில் மருத்துவர் அப்பொல்லினேர் பூஷார்தா இந்த வழியைச் செம்மையாக்கினார். மாவுச்சத்து நீக்கிய ரொட்டியை அறிமுகப்படுத்தினார், உடலுழைப்பை வற்புறுத்தினார். 1870–71இல் பாரிஸ் முற்றுகைக்குள்ளாகி ஊரே பட்டினி கிடந்தபோது, தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைவதைக் கவனித்தார். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லான்சரோ ஒல்லியானவர்களின் நோய் வேறு, பருத்தவர்களின் நோய் வேறு என்று பிரித்தார். இந்தப் பிரிவினையைச் சிகிச்சையின் அடிப்படையாக அன்றே வைத்திருந்தால் எத்தனையோ துயரம் குறைந்திருக்கும்.

அப்படி நடக்கவில்லை. 1910களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் மருத்துவர் ஃபிரெடெரிக் ஆலன் பத்தியத்தைப் பட்டினியாகவே மாற்றினார். இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைகளும் அதற்குள் தள்ளப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளின் ஆயுள் சிறிது நீண்டது, ஆனால் எலும்பும் தோலுமாக. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றியபோது அந்தக் கொடுமைக்கு முடிவு பிறந்தது. பட்டினிப் பத்தியத்தை மக்கள் வெறுத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த வெறுப்பில், பருத்த நடுவயதினருக்குப் பத்தியம் தந்த நன்மையும் மறக்கப்பட்டது. நோயின் இரண்டு வகைகளை மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் லண்டனில் சோதனை மூலம் பிரித்துக் காட்டியது 1936இல்தான்.

பத்தியத்தைத் திரும்ப அழைப்போர் சந்திக்க வேண்டிய மறுப்புகள் உண்டு. முதலாவது: இன்சுலினால் ஆயுள் நீண்ட நோயாளிகள் மாரடைப்பில் மாண்டார்கள், கொழுப்பின் மீது ஐயம் விழுந்தது, 1971இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் மாவுச்சத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் மாவுச்சத்தைக் குறைப்பவர் ரோலோவின் இறைச்சிக் கொழுப்பைத் தின்றாக வேண்டியதில்லை. மீன், முட்டை, கடலை, கீரை என்று வழிகள் உண்டு. அதே சங்கம் 2019இல், இரத்தச் சர்க்கரையைச் சீராக்க மாவுச்சத்தைக் குறைப்பதற்கே அதிகச் சான்று உள்ளதாக ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: பாரிஸ் முற்றுகையில் குணம் தந்தது மாவுச்சத்துக் குறைப்பா, வெறும் பட்டினியா? பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில் நோயாளிகள் நாளுக்கு 825 முதல் 853 கலோரிக் கரைசல் குடித்தார்கள். அதில் மாவுச்சத்து கணிசமாகவே இருந்தது. ஆயினும் ஓராண்டில் 46 விழுக்காட்டினர் நோயிலிருந்து விடுபட்ட நிலையை எட்டினர். எடை அதிகம் குறைந்தவர்களுக்கே அது பெரும்பாலும் வாய்த்தது. நோயைப் பின்வாங்கச் செய்வது எடைக் குறைப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். மாவுச்சத்தைக் குறைப்பது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நேரடியாகத் தணிக்கிறது, பலருக்கு எடை குறையவும் உதவுகிறது. அதற்கு மேல் பெருமை பேசுவது தவறு.

தட்டில் பாதிக்கு மேல் சோறு இருக்கும் நமக்கு இது எட்டாத செயலும் அல்ல. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தைக் கலோரியில் 49 முதல் 54 விழுக்காடாக இறக்கப் பரிந்துரைத்தது. சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டினால் எட்டக்கூடிய அளவு அது. ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்துவிட வேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.