ஒளியினால் நீரைப் பிளத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

அறிவியல் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் நோக்குதல் போதுமானதன்று. எக்கேள்வி எப்போது எழுப்பப்பட்டது, எது ஒதுக்கப்பட்டது என்பனவும் அவ்வரலாற்றின் கூறுகளே. சூரிய ஒளியைக் கொண்டு நீரிலிருந்து ஐதரசனைப் பெறும் முயற்சியை இவ்வகையில் நாம் ஆராயலாம்.

நிலக்கரியை நம்பிய கைத்தொழில் நாகரிகம் சூரியனை நாடவேண்டும் என இத்தாலிய இரசாயன அறிஞர் சாமிச்சியன் 1912இல் வாதிட்டார். தைத்தேனியமீரொட்சைட்டு மின்வாயில் ஒளிபட நீர் பிளவுறுவதை யப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்டனர். மறு ஆண்டு எழுந்த எண்ணெய் நெருக்கடி இத்துறைக்கு உந்துதலளித்தது. ஆயினும் அப்பொருள் கழியூதாக் கதிர்களையே பெரிதும் உறிஞ்சும். சூரிய ஒளியின் சக்தியில் அவற்றின் பங்கு ஏறக்குறைய 5 வீதமே.

1985இல் யனகிடா குழுவினர் சேதனப் பல்பகுதியமொன்றும் ஒளியூக்கியாகத் தொழிற்படுவதைக் காட்டினர். ஆனால் 1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தது. மாற்று எரிபொருள் பற்றிய அவசரமும் தணிந்தது. காபன் நைத்திரைட்டு கட்புல ஒளியில் ஐதரசனைத் தருமென 2009இல் அறிவிக்கப்பட்ட பின்னரே சேதனப் பொருள்கள் பரந்த கவனம் பெற்றன.

2005இல் யாகி குழுவினர் ஆக்கிய பங்கீட்டுவலுச் சேதனச் சட்டகங்கள் இங்கு துணையாயின. ஒளியால் அருட்டப்பட்ட இலத்திரன், மேற்பரப்பை அடையுமுன் தான் விட்டுவந்த வெற்றிடத்துடன் மீளச் சேர்ந்துவிடுவதுண்டு. நுண்துளைகளின் சுவர்கள் மெல்லியவையாதலால் அது கடக்கவேண்டிய தூரம் குறைகிறது. நீரும் உள்ளே நுழைகிறது. 2014இல் ஜேர்மனியில் லொட்ஷ் குழுவினரும், 2018இல் லிவர்பூலில் கூப்பர் குழுவினரும் இவ்வழியில் முன்னேறினர்.

எனினும் இவ்வாய்வுகளில் இலத்திரனை வழங்கியது நீரன்று. அஸ்கோபிக் அமிலம் போன்ற சேர்வைகளே தாம் சிதைந்து அதனை வழங்கின. ஐதரசன் பிறந்தது; ஒட்சிசன் பிறக்கவில்லை. 2017இல் சீன ஆய்வாளர் நுண்துளைப் பல்பகுதியத்தால் நீரை முழுமையாகப் பிளந்ததாக அறிவித்தனர். அத்தகைய சான்றுகள் சிலவே. 2021இல் 100 சதுர மீற்றர் பரப்பில் இயங்கிய யப்பானியத் தொகுதியும் அசேதனப் பொருளாலானதே. அதன் உச்ச வினைத்திறன் 0.76 வீதம்.

விலையுள்ள ஒரு பொருளை அழித்துப் பெறும் எரிபொருள் மக்களின் எரிபொருளாகாது. வெளியேறும் ஐதரசனின் அளவை மட்டும் போற்றும் ஆய்வுகளிடம், இலத்திரன் எங்கிருந்து வந்தது என வினவுதல் வேண்டும். அவ்வினாவே இத்துறையின் சமூகப் பயனை அளக்கும் முதன்மையான அளவுகோல் என்பது எமது துணிபு.