றலி சைக்கிளின் தோல் சீற்: எங்கட ஊர்களின் எழுதாத ஆவணம்

கல்முனைக் கரையோரத்தின் வரலாறு எண்டா நாங்க உடனே தேடுறது தேர்தல், கலவரம், சுனாமி. வயலுக்கும் கடற்கரைக்கும் சந்தைக்கும் அன்றாடம் போய்வந்த உழைப்பைப் பற்றி எழுதியது குறைவு. அந்த உழைப்பைத் தாங்கிய ஒரு சாமான் இன்னும் சில வீடுகளின் பின்பக்கத்தில் கிடக்கிறது: பழைய றலி, ஹம்பர் சைக்கிள்களின் தோல் சீற்.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1866இல் அங்கே ஜோன் போல்ட்பீ புரூக்ஸ் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1882இல் சைக்கிள் சீற்றுக்குக் காப்புரிமை கேட்டார். டன்லப்பின் காற்றடைத்த ரயர் வந்தது 1888இல்தான். அதுவரை ரோட்டுக் குலுக்கலை வாங்கியதில் சீற்றுக்குப் பெரிய பங்கு. அதன் அமைப்பு எளிது: முன் மூக்குக்கும் பின் தகட்டுக்கும் நடுவே ஒரே தோலை ஏணை மாதிரி இழுத்து, செப்பு ஆணி அறைந்திருப்பார்கள். உள்ளே பஞ்சு கிடையாது. தோல்தான் உடம்புக்கேற்ப வளையும்.

பிரித்தானியர் ஆண்ட இலங்கைக்கு நொட்டிங்காமின் றலியும் வந்தது. எங்கட பக்கம் அது ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது? நிலத்தைப் பார்த்தாலே விளங்கும். 1928இல் திறந்த ரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது, கல்முனைக்கு வரவே இல்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே நெருக்கமான ஊர்கள். மேடு பள்ளமில்லாத தரை. மீன் பெட்டியும் நெல் மூடையும் மருதமுனைப் பிடவைக் கட்டும் கரியரில் ஏறின.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதுச் சாமான் கிடைக்காத காலத்தில் பழசைத் திருத்தி ஓடுறதுதான் வழி. 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு மலிவான பிளாஸ்டிக், ஸ்பொஞ் சீற்றுகள் பெருகின. தோல் சீற் மூலைக்குப் போனது. 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது பழைய சைக்கிள்கள் திரும்ப ரோட்டுக்கு வந்தன. அப்போதுதான் எங்கட வயதுக்காரர் பலர் இந்தச் சீற்றை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தோம்.

காய்ந்து, நடுவில் தொய்ந்து, இரண்டு பக்கமும் விரிந்த சீற்றைத் திருத்தலாம். முதலில் மூக்கடியில் உள்ள இழுவை நட்டைத் தளர்த்த வேணும். ஊத்தையைத் துடைத்து, சாதாரண தண்ணீரில் தோல் வளையும் வரை ஊறவிட வேணும். தண்ணீர் ஏறினால் தோலின் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும், அந்த நேரத்தில் கையால் அழுத்தி உருவம் கொடுக்கலாம். விரிந்த பக்கங்களை உள்ளே தள்ளி, சீலைப் பட்டியால் சுற்றிக் கட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால் அந்த உருவம் நிற்கும். கொதிநீரும் வெயிலும் கூடாது. சூட்டில் தோல் சுருங்கி விறைத்துவிடும். காய்ந்த பிறகு கொழுப்பும் தேன்மெழுகும் கலந்ததை மெல்லிசாகப் பூசலாம். தேங்காய் எண்ணெயை ஊற்றினால் தோல் அளவுக்கு மீறி இளகித் திரும்பவும் தொய்யும். கடைசியாக நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேணும். ஆணியடியில் கிழிந்த தோலுக்கு இந்த வைத்தியம் சரிவராது.

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். அந்தக் குழி ஒரு மனிசன்ட உடம்பு வருசக்கணக்காக உட்கார்ந்து உண்டாக்கியது. புது உருவம் கொடுத்தால் அவரை அழிக்கிறோமா? அப்படியே விட்டால் தோல் வெடித்து, குழியும் சேர்ந்து போகும். ஓடுறதுக்காகச் செய்த சாமானை ஓடித்தான் காப்பாற்ற வேணும் என்பது எங்கட முடிவு. ஆனால் பதிவு செய்த பிறகு.

சீற் தனியே சாட்சி சொல்லாது. ஒரு பக்கக் குழி ஆழமாக இருந்தால், பாரத்தைச் சமாளிக்கச் சாய்ந்து ஓடியவராக இருக்கலாம். ஒரு பக்கச் சுருள் கம்பி தளர்ந்தும் இருக்கலாம். எது உண்மை எண்டு ஓடியவரோ வீட்டாரோதான் சொல்ல வேணும். இன்னொன்று: பார் வைத்த அந்தச் சைக்கிள் ஆண்களுக்கெண்டே செய்தது. தறியில் இருந்த பெண்களின் உழைப்பு கரியரில் போன பிடவையில் இருந்தது, சீற்றில் பதியவில்லை. அதையும் கேட்டால்தான் கதை முழுசாகும்.

2004 டிசம்பர் 26 எங்கட கரையோர வீடுகளின் படங்களையும் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சினது சாமான்களும் ஞாபகமும்தான். அதனால் வீட்டில் தோல் சீற் கிடந்தால், தண்ணீரில் போட முதல் மேலேயும் கீழேயும் படம் எடுங்க. தகட்டில் பொறித்த பெயரை எழுதுங்க. பிறகு வாப்பாட வாப்பாவிடமும் உம்மாட உம்மாவிடமும் கேளுங்க: யார் ஓடினது, எங்க போனது, கரியரில் என்ன இருந்தது, அதைச் செய்தது யார்? சீற் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும். பதில் தெரிஞ்சவங்களுக்கு வயசு ஏறிக்கொண்டு போகுது.