வெருகும் வேட்டைத் துப்பாக்கியும்

வேட்டையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் யானை, புலி, காட்டெருது ஆகிய பேருயிர்களையே பெரிதும் நோக்கினர். ஊர்ப்புறத்துப் புதரிலும் வயல் வரப்பிலும் வாழும் சிறு பூனையினங்கள் அவ்வரலாற்றில் ஓரத்தே ஒதுங்கி நிற்கின்றன. இத்தகைய சிறிய விலங்கைச் சுடுதற்கு எத்துப்பாக்கி ஏற்றது, எத்தோட்டா தக்கது என்னும் வினா வேட்டைத் தொழிலினர்க்கு மட்டுமே உரியது போலத் தோன்றும். ஆயினும், அவ்வினாவிற்குக் காலந்தோறும் தரப்பெற்ற விடைகளை நிரல்பட வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. விலங்கின் உடலளவு மட்டுமன்றி, மக்கள் அதற்கு இட்ட பெயரும் கருவியைத் தேர்ந்தது என்பதே அவ்வுண்மை. அதனைத் தமிழ்நாட்டுச் சான்றுகளைக் கொண்டு நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழந்தமிழ் நூல்களில் வெருகு

தொல்காப்பிய மரபியல், மூங்கா, எலி, அணில் என்பவற்றோடு வெருகினையும் சேர்த்து, இவற்றின் இளமைப் பெயர் குட்டி என்று வகுக்கின்றது. வெருகினைப் பூசை என்று வழங்கும் மரபையும் அவ்வியலே சுட்டுகின்றது. உரையாசிரியர்கள் வெருகு என்பதற்குக் காட்டுப்பூனை என்று பொருள் கொண்டனர்.

சங்கப் பாடல்களில் வெருகு தொலைவிலுள்ள அடர்காட்டு விலங்காக வரவில்லை. மனையை அடுத்து உலவும் விலங்காகவே வருகின்றது. குறுந்தொகை 139ஆம் பாட்டில், மாலையில் மனைப்பக்கம் வரும் வெருகினை அஞ்சிய பேடைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது. அந்நூலின் 107ஆம் பாட்டிலோ, தலைவனோடு துயின்ற தலைவி தன்னை எழுப்பிய சேவலை, வெருகின் குட்டிக்கு இரையாகுக என்று வைகின்றாள். வெருகு கோழியைக் கவரும் விலங்கு என்பதைப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எனினும் அவர்கள் அதனைப் பகையென்று மட்டும் கொண்டாரல்லர். முல்லையரும்பிற்கு வெருகுக்குட்டியின் கூரிய பல்லை உவமையாக்கினார் கபிலர் (புறம் 117). மலர்ந்த முல்லையை வெருகின் சிரிப்போடு ஒப்பிட்டார் ஒக்கூர் மாசாத்தியார் (குறுந்தொகை 220). பல்லும் சிரிப்பும் தெரியுமளவு அணிமையில் நின்று கண்டவர்க்கே இவ்வுவமைகள் தோன்றும்.

நம் ஆய்விற்குச் சிறப்பாக வேண்டப்படுவது புறநானூற்று 324ஆம் பாட்டு. ஆலத்தூர் கிழார் அதில் வேட்டுவச் சிறுவரைக் காட்டுகின்றார். அச்சிறுவரின் வெருண்ட நோக்கிற்கு ஆண் வெருகு உவமை. அவர்கள் மெல்லிய கோலில் உடைமரத்து முள்ளைச் செறித்து அம்பாக்கி, வளாரை வளைத்து வில்லாக்கி, பருத்தி வேலியருகே எலியைக் குறிபார்த்து நிற்கின்றனர். இங்கு இரண்டு செய்திகள் உள்ளன. சிறிய இரைக்குச் சிறிய கருவி என்னும் அளவறிவு ஒன்று. எலியைக் கொல்லும் சிறுவனும் எலியைக் கொல்லும் வெருகும் ஒரே தொழிலினர் என்னும் நோக்கு மற்றொன்று. ஈண்டு வெருகு வேட்டைப்பொருள் அன்று. வேட்டுவனுக்கே உவமை என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

பேருயிர்க்குரிய பொறியும் அக்காலத்தில் வேறாக இருந்தது. புலியை அகப்படுத்தும் பெருங்கல் அடார் புறநானூறு 19ஆம் பாட்டிலும், தினையுண்ணும் பன்றிக்கு வைத்த கல்லடாரில் புலி வீழ்ந்த செய்தி நற்றிணை 119ஆம் பாட்டிலும் வருகின்றன. எவ்விலங்கிற்கு எக்கருவி என்னும் பாகுபாடு துப்பாக்கியோடு பிறந்ததன்று என்பது இவற்றால் தெளியப்படும்.

2. துப்பாக்கியும் அதன் சொற்களும்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் தென்னாட்டில் கைத்துப்பாக்கிப் படைக்கலம் பரவலாயிற்று. துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழித் தொடர்புடையது. தோட்டா வடபுலத்து மொழிகளின் வழியாக வந்தது. குண்டும் வெடிமருந்தும் தமிழ்ச்சொல் கொண்டே அமைந்தன. சிறு ஈயமணிகளை ரவை என்றனர். அடுக்களையில் வழங்கும் கோதுமை ரவையும் இதுவும் நொய்போன்ற சிறுமையால் ஒரு பெயர் பெற்றன. ஈழத்தமிழில் குண்டிற்குச் சன்னம் என்னும் சொல்லும் உண்டு.

வாய்வழியாக மருந்திட்டு, தக்கை வைத்து இடித்து, ரவையோ குண்டோ பெய்து சுடுவது நாட்டுத் துப்பாக்கி. ஒரே குழலில் முயலுக்கு ரவையும் பன்றிக்குக் குண்டும் இடலாம். ஆகவே, சுடுவோன் தேர்ந்தெடுத்தது துப்பாக்கியையன்று, அதனுள் இடும் பொருளையே. நரிக்குறவர் முதலிய வேட்டைக்குடியினர் வலையும் கண்ணியும் இத்தகைய துப்பாக்கியும் கொண்டே சிறு விலங்குகளைப் பிடித்து வந்தனர்.

ஆங்கிலேயர் குழலின் விட்டத்தைப் போர் என்னும் அளவால் கணக்கிட்டனர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமவுருண்டைகளாக்கின், அவ்வுருண்டை ஒன்று பொருந்தும் குழல் 12 போர். எட்டாக்கின் 8 போர். 19ஆம் நூற்றாண்டில் யானைவேட்டைக்குப் பயன்பட்ட 8 போர்க் குண்டின் எடை ஏறத்தாழ 57 கிராம். நம் நாட்டின் மிகச்சிறிய பூனையான துருநிறப் புள்ளிப் பூனையின் எடையோ ஒரு கிலோவிற்குச் சிறிது குறைவிலிருந்து ஒன்றரைக் கிலோவை ஒட்டியது. பேருயிர்க்கென அமைந்த அக்கருவியால் இதனைச் சுட்டால் உடலே சிதறும். வெள்ளையர் எழுதிய வேட்டை நூல்களில் சிறு பூனைகள் தனித்தலைப்புப் பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அந்நூல்கள் போற்றிய துப்பாக்கிகட்கு அவை இலக்காகத் தகுதியற்றவை.

3. மூன்று பெயர், மூன்று தோட்டா

ஆங்கில ஆட்சிக்காலத்தில் சிறு பூனைக்கு மூன்று புதிய பெயர்கள் ஏற்பட்டன எனலாம். ஒவ்வொன்றும் தனக்குரிய தோட்டாவைத் தேர்ந்தது.

முதற்பெயர் தீங்குயிர் என்பது. 1867இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய ஜெர்டன், தாம் சுட்டு வீழ்த்திய மயிலைக் கரும்புத் தோட்டத்திலிருந்து பாய்ந்த காட்டுப்பூனை ஒன்று தம் கண்முன்னரே கவர்ந்தோடியதைக் குறித்துள்ளார். மயில், கவுதாரி, முயல் ஆகியவற்றைத் தமக்கே உரிய வேட்டையெனக் கருதிய துரைமார்க்கு அப்பூனை போட்டியாளன் ஆயிற்று. பழம்பாட்டில் வேட்டுவனுக்கு உவமையாகிய வெருகு, இங்கு வேட்டைக்காரனுக்கு எதிரியாயிற்று. இதற்குத் தனித் துப்பாக்கி தேவைப்படவில்லை. பறவை சுடும் 12 போர் இரட்டைக்குழலே போதியதாயிற்று. ஆனால் ரவை வேறுபட்டது. ஆங்கில அளவில் 6ஆம் எண் ரவை ஓர் அவுன்சுக்கு 270 மணி, 4ஆம் எண் 170 மணி, பி.பி. என்பது 70 மணி. கவுதாரிக்குரிய நொய்ய ரவை, நான்கு முதல் ஆறு கிலோ எடையுள்ள காட்டுப்பூனையின் அடர்ந்த மயிரில் வலுவிழக்கும். விலங்கு புண்பட்டு ஓடிப் புதரில் மடியும். ஆதலின் பருமனான ரவையும், 30, 35 கெசத்திற்கு மேற்படாத தொலைவும் வேண்டப்பட்டன.

இரண்டாம் பெயர் ஆய்வுப்பொருள் என்பது. துருநிறப் புள்ளிப் பூனைக்குப் பிரெஞ்சு விலங்கியலறிஞர் இசிதோர் ஜெப்ராய் செந்திலேர் 1831இல் அறிவியற்பெயர் இட்டார். அதற்கு அடிப்படையான மாதிரி புதுச்சேரியிற் கிடைத்தது. பின்னர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1911இல் தொடங்கிய பாலூட்டி அளவாய்வு, தோலும் மண்டையோடும் பல்லாயிரமாகத் திரட்டியது. பூனையினங்களைப் பகுத்தறிய மண்டையோடும் பல்லும் இன்றியமையாதன. தலையிற் சுடுதல் விரைந்து கொல்லும். ஆயினும் ஆய்வுப்பொருளைக் கெடுக்கும். எனவே திரட்டுநர்க்கு உகந்தது குறைந்த மருந்தும் நுண்ணிய ரவையும் கொண்ட சிறுகுழல் துப்பாக்கி. சுடுவதும் மிக அணிமையிலேயே.

மூன்றாம் பெயர் தோல் என்பது. தோலுக்கு விலை உண்டானபோது, ஒரு துளைக்கு மேல் படாத குண்டு தேவையாயிற்று. இங்கேதான் ரைபிள் எனப்படும் சுரிகுழல் துப்பாக்கி சிறு பூனையோடு தொடர்புறுகின்றது. இங்கிலாந்தில் ரூக் என்னும் காக்கையினப் பறவையையும் முயலையும் சுடுதற்கென 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுவிட்டச் சுரிகுழல்கள் செய்யப்பட்டன. அமெரிக்காவில் 1887இல் தோன்றிய .22 நீள்ரைபிள் தோட்டா அவற்றின் இடத்தைப் பிடித்தது. அதன் குண்டு 40 கிரெயின், அஃதாவது 2.6 கிராம், விரைவு நொடிக்கு ஏறத்தாழ 330 முதல் 380 மீட்டர். 1930இல் வெளிவந்த .22 ஹார்னெட் தோட்டாவின் குண்டு எடையிற் சிறிதே மிக்கது. ஆனால் விரைவு 700 மீட்டருக்கு மேற்பட்டது. அதனால் எட்டும் தொலைவு கூடிற்று. தோல் கிழியும் இடரும் கூடிற்று.

குண்டின் அமைப்பும் இங்குக் கருதத்தக்கது. முனையில் ஈயம் வெளிப்பட்ட குண்டு உடலுட் புகுந்ததும் விரியும். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச்சாலையில் 1890களில் செய்யப்பட்ட இவ்வகைக் குண்டு அவ்வூர்ப் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. போரில் விரிகுண்டைப் பயன்படுத்தலாகாது என 1899இல் ஹேக் நகர மாநாடு அறிவித்தது. வேட்டையில் அது நீடித்தது. பெருவிலங்கை விரைந்து வீழ்த்துதற்கு விரிகுண்டு தக்கது. சிறு பூனையின் தோலைக் காக்க விரும்பியோர் முழுவுறையுடைய குண்டை நாடினர். அது சிறுதுளையிட்டு ஊடுருவிச் செல்லும். உயிர்நிலையிற் படாவிடின் விலங்கு நெடுநேரம் துன்புற்றுச் சாகும். தோலின் நலமும் விலங்கின் துன்பமும் ஒன்றற்கொன்று முரணாகியபோது, சந்தை தோலின் பக்கமே நின்றது.

4. இடமும் பெயர் மயக்கமும்

கருவித் தேர்வில் மறக்கப்பட்டது வெருகின் இருப்பிடம். துருநிறப் புள்ளிப் பூனை அடர்காட்டைவிட வற்றிய ஏரியின் புல்லிலும் ஊரை அடுத்த வெளிகளிலும் உலவுவது என்று ஜெர்டன் எழுதினார். 1846இல் தம்மிடம் வந்த குட்டி ஒன்று நன்கு பழகியதையும் அவர் குறித்தார். இச்செய்தி குறுந்தொகைப் பாடல்கள் காட்டும் மனைப்புறக் காட்சியோடு பொருந்துகின்றது. மனிதர் நடமாடும் இடத்தில் சுரிகுழல் இடருடையது. .22 போன்ற சிறு குண்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை செல்லவல்லது. கல்லிற் பட்டால் திசைமாறித் தெறிக்கும். ரவையோ சிறிது தொலைவிலேயே வலியொடுங்கும். ஊர்ப்புறத்தில் சுரிகுழலினும் ரவைத்துப்பாக்கி இடர் குறைந்தது என்பதற்கு இதுவே காரணம்.

இரவில் மின்விளக்கு ஏந்திச் சுடும் வழக்கம் மற்றொரு மயக்கத்தை விளைத்தது. ஒளிபட்ட கண்கள் மின்னும். அக்கண் காட்டுப்பூனையுடையதா, புள்ளிப்பூனையுடையதா, புனுகுப்பூனையுடையதா என்பது புலனாகாது. மொழியும் இம்மயக்கத்திற்குத் துணைநின்றது. புனுகுப்பூனையும் மரநாயும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தமிழ் ஒன்றனைப் பூனை என்றது, மற்றொன்றனை நாய் என்றது. தமிழில் காட்டுப்பூனையைச் சுட்டிய வெருகு என்னும் சொல், மலையாளத்தில் வெருக் என நின்று புனுகுப்பூனை இனத்தைச் சுட்டுகின்றது. பெயர் தெளியாதவிடத்து இலக்கும் தெளியாது. எல்லாம் பூனை என்ற பொதுப்பெயரால், மிக அருகிய இனமும் பரவலாக உள்ள இனமும் ஒரே தோட்டாவிற்கு இரையாயின.

5. சட்டமும் பின்னோக்கும்

நீலகிரி வேட்டைக் கழகம் 1877இல் தோன்றியது. நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879இல் இயற்றப்பட்டது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் துப்பாக்கியை உரிமத்திற்கு உட்படுத்தியது. இவை துப்பாக்கி ஏந்துவோனையும் வேட்டைவிலங்கையும் வரையறுத்தன. வேட்டைவிலங்கு எனப் பெயர்பெறாத வெருகு அவ்வரையறைக்கு வெளியே நின்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சிறு பூனைகளையும் பட்டியலிட்டு அவற்றின் வேட்டையை விலக்கியது. அருகிய துருநிறப் புள்ளிப் பூனை முதற்பட்டியலில் இடம்பெற்றது. இதனால் எத்துப்பாக்கி, எத்தோட்டா என்னும் வினா இந்நாட்டில் வரலாற்று வினாவாகிவிட்டது.

சட்டம் முந்தைய மூன்று பெயர்களையும் விலக்கியது; ஆயினும் கோழிக்கூட்டின் அருகே கண்ணியும் நஞ்சும் வைப்போர்க்கு வெருகு இன்றும் தீங்குயிரே. காட்டுப்பூனையின் உணவை ஆராய்ந்தோர், அது நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலிகள் வரை தின்னும் எனக் கணக்கிட்டுள்ளனர். அக்கணக்குப்படி ஓராண்டில் ஒரு பூனை கொல்லும் எலிகள் ஆயிரத்திற்கு மேற்படும். கோழி இழந்த மனையாளின் இழப்பு உண்மையே. அவ்விழப்போடு வயலில் காக்கப்பட்ட நெல்லையும் சேர்த்து எண்ணல் வேண்டும். பருத்தி வேலியருகே எலியைக் குறிபார்த்த சிறுவனையும் வெருகினையும் இணைத்துக் கண்ட ஆலத்தூர் கிழார் இவ்வுண்மையை அறிந்தே பாடினார் என்று கொள்வதில் பிழையில்லை.

முடிவாக, சிறு பூனைக்குரிய கருவி அதன் எடையால் மட்டும் உறுதிசெய்யப்படவில்லை. தீங்குயிர் என்றபோது பருமனான ரவையும், ஆய்வுப்பொருள் என்றபோது நுண்ணிய ரவையும், தோல் என்றபோது சிறுவிட்டச் சுரிகுழலும் அதன்மேல் நீண்டன. வெருகு என்றே பெயர்சொல்லி அணிமையில் நின்று கண்ட பாடல்களில் அதன் பல்லும் நோக்குமே பதிந்தன. இனிச் சங்க நூல்கட்கு விளக்கம் எழுதுவோர் காட்டுப்பூனை என்ற ஒரு சொல்லோடு அமையாது, தமிழ்நாட்டுச் சிறு பூனைகளின் வேறுபாட்டையும், புனுகுப்பூனை இனத்தினின்று அவை வேறாதலையும் குறித்தல் நலம். பாடல் காட்டும் இடம், பொழுது, இரை ஆகியவற்றை விலங்கியலார் தரும் செய்திகளோடு ஒப்பவைத்து அவ்விளக்கத்தை எழுதுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.