கணக்குக் கேட்க வந்த மாண்டோர்: ஆபெல் கான்ஸின் ‘ழாக்யூஸ்’ படத்தின் மூன்று வடிவங்கள்

முதல் உலகப் போரில் மாண்ட வீரர்கள் திரையில் எழுந்து நடப்பதைப் பற்றி எழுதுபவர் எவரும் வரலாற்றாசிரியர் ஜே வின்டரைத் தாண்டிச் செல்ல முடியாது. போருக்குப் பிந்தைய ஐரோப்பா தன் துக்கத்தை எவ்வாறு சுமந்தது என்று ஆராயும் அவரது 1995ஆம் ஆண்டு நூல், ஆபெல் கான்ஸின் ‘ழாக்யூஸ்’ (நான் குற்றஞ்சாட்டுகிறேன், 1919) படத்துக்கு முக்கிய இடம் தருகிறது. போர் பழைய மொழிகளையெல்லாம் செல்லாக்காசாக்கிவிட்டது, நவீனத்துவமே அந்த அனுபவத்தைச் சொல்ல வல்லதாயிற்று என்பது பால் ஃபஸ்ஸல் முதலானோர் நிலைநிறுத்திய கருத்து. வின்டர் இதை மறுக்கிறார். பிள்ளையையும் கணவனையும் பறிகொடுத்தவர்கள் சமயத்திலும் தொன்மத்திலும் கற்பனாவாத மரபிலும்தான் ஆறுதல் தேடினார்கள். இறந்தவர் ஊர் திரும்பும் காட்சி அந்தத் தேடலின் உருவம் என்பது அவர் வாதம்.

மரபு மொழிகள் மடியவில்லை என்ற வரையில் வின்டருடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பிரான்சில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்ட போர் அது. பலருக்குக் கல்லறைகூடக் கிடைக்கவில்லை. அத்தகைய சமூகம் இறந்தவரின் வருகையைக் கனவு கண்டது இயல்பே. ஆனால் கான்ஸின் காட்சியைத் துக்கம் ஆற்றும் சடங்காக வாசிக்கும்போது, அதிலுள்ள அச்சம் வெறும் ஒப்பனையாகிவிடுகிறது. அந்த இறந்தவர்கள் ஆறுதல் சொல்ல வரவில்லை, கணக்குக் கேட்க வருகிறார்கள். யாரிடம் கேட்கிறார்கள் என்பது 1919, 1922, 1938 ஆகிய மூன்று வடிவங்களில் மாறிக்கொண்டே போகிறது. போரை அமானுஷ்யத்தின் வழியே பேசும் திரைப்பட மரபின் தொடக்கத்தை இந்த மாற்றத்தில்தான் தேட வேண்டும்.

முதல் வடிவத்தில், மனம் பேதலித்து ஊர் திரும்பும் கவிஞன் ழான் தியாஸ், ஊராரைத் தான் காதலிக்கும் எதீத்தின் வீட்டுக்கு வரவழைக்கிறான். போர்க்களத்தில் காவல் நின்ற இரவில் கண்டதைச் சொல்கிறான். பிணங்கள் எழுந்தன, தம் சாவுக்குத் தகுதியாக ஊர் வாழ்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டன. கட்டுப்போட்ட தலைகளும் தாங்கிப் பிடித்த தோள்களுமாக அந்தக் கூட்டம் சாலையை நிறைத்து வருகிறது. கேட்டுக்கொண்டிருப்போரிடம் முதலில் எழுவது கண்ணீர் அல்ல, திகில். துரோகம் செய்த மனைவி, போரில் காசு பார்த்தவன் என ஒவ்வொருவரும் தம் குற்றத்தை எதிர்கொண்ட பிறகே இறந்தவர்கள் அமைதியடைந்து திரும்புகிறார்கள். வின்டரின் வாசிப்புக்கு இந்த முடிவு வலு சேர்ப்பதுபோல் தோன்றலாம். ஆனால் அங்கே அமைதி நிபந்தனையோடுதான் கிடைக்கிறது: குற்றச்சாட்டு, அச்சம், ஒப்புதல், விடுவிப்பு. இது நீதிமன்றத்தின் ஒழுங்கு. எமில் ஸோலா 1898இல் எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்தின் தலைப்பையே கான்ஸ் தன் படத்துக்கு வைத்ததும் இதனோடு பொருந்துகிறது.

அதே வேளையில், 1919இன் நீதிமன்றம் மிகக் குறுகியது. கூண்டில் நிற்பவர்கள் ஊர்ப் பெண்களும் வணிகர்களும்தான்; தளபதியோ அமைச்சரோ அங்கே இல்லை. இராணுவத்தின் திரைப்படப் பிரிவோடு தொடர்பு கொண்டிருந்த கான்ஸ், 1918 செப்டம்பரில் சான்-மியேல் போர்முனையிலேயே படம்பிடித்தவர். அரசைக் குற்றஞ்சாட்டும் படமாக அது அப்போது உருவாகியிருக்க வாய்ப்புக் குறைவு.

இங்கேதான் ஒரேயொரு சட்டகம் முழு ஆய்வையும் திருப்புகிறது. திரை கிடைமட்டமாக இரண்டாகப் பிரிகிறது. மேற்பாதியில் பாரிஸின் வெற்றி வளைவினூடே படைகளின் வெற்றி அணிவகுப்பு. கீழ்ப்பாதியில் அதே வேளையில் நடந்துசெல்லும் இறந்தவர்கள். இந்தச் சட்டகத்தை 1919ஆம் ஆண்டுப் படத்தின் உச்சமாகக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. அது பொருந்தாது. படம் 1919 ஏப்ரலில் திரைக்கு வந்தது. அணிவகுப்பு நடந்ததோ அதே ஆண்டு ஜூலை 14இல். எனவே முதல் வடிவத்தில் இந்தப் படத்துண்டு இருந்திருக்க வழியில்லை. போர் எதிர்ப்பை அழுத்தி கான்ஸ் மறுதொகுப்புச் செய்த 1922ஆம் ஆண்டு வடிவத்துக்கே இது உரியது என்பது பொருத்தமான முடிவு. இடைப்பட்ட காலத்தில் ஏதேனும் ஒரு பிரதியில் ஒட்டப்பட்டிருக்கலாம் என்ற வாய்ப்பை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. 1919 ஜூலை என்ற கீழெல்லை மட்டுமே உறுதியானது.

எல்லை தளர்வாக இருந்தாலும் பொருள் தளர்வானதல்ல. ஜூலை 14 அணிவகுப்பின் முன்வரிசையில் உறுப்பிழந்த வீரர்கள் ஓராயிரம் பேரை அரசே நடக்கவிட்டது. மாண்டோருக்கு நினைவுமேடையும் எழுப்பியது. துக்கத்தைத் தன் விழாவுக்குள் சேர்த்துக்கொள்ள அரசு முயன்றது என்பதே இதன் பொருள். 1920 நவம்பர் 11இல் பெயர் அறியா வீரன் ஒருவனின் உடல் அந்த வளைவுக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த ஜனவரியில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. ஆகவே 1922இன் பார்வையாளர், திரையின் மேற்பாதியில் வளைவைக் கண்டபோது அதன் அடியில் கிடப்பவனையும் அறிந்திருந்தார். சட்டகத்தின் பிளவு அந்த இடத்தின் உண்மையான அமைப்பை ஒத்திருந்தது. கான்ஸ் இதை எண்ணியே செய்தார் என்பதற்கு நேரடிச் சான்று காட்ட இயலாது. எனினும் ஊராரிடம் கணக்குக் கேட்ட இறந்தவர்கள் இப்போது அரசின் விழாவுக்கு எதிரே நிறுத்தப்பட்டுவிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. விழாவோடு கலந்திருந்தால் அது துக்கம். கோடு போட்டுப் பிரித்ததால் அது குற்றப்பத்திரிகை.

காட்சி படமான காலமும் இதேபோல் சிக்கலானது. எழுந்து நடந்தவர்கள் வெர்தூன் முனையிலிருந்து விடுப்பில் வந்த உண்மை வீரர்கள், அவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போன சில வாரங்களில் மாண்டனர் என்று பிற்காலத்தில் திரைப்பட வரலாற்றாசிரியர் கெவின் பிரவுன்லோவிடம் கான்ஸ் கூறினார். படப்பிடிப்பு 1918 ஆகஸ்டில் தொடங்கியது. போர் நவம்பர் 11இல் நின்றது. இந்த இடைவெளிக்குள் காட்சி எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அவர் கூற்று நிற்கும். வெர்தூன் பெரும்போர் 1916இலேயே முடிந்துவிட்டாலும், அந்தப் பகுதியில் 1918 இலையுதிர்காலத்திலும் சண்டை நடந்ததால் கூற்றைப் பொய் எனத் தள்ளவும் முடியாது. எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம். உறுதியாக நிற்பது ஒன்று: 1915இல் வலக்கையை இழந்த கவிஞர் பிளேஸ் சாந்த்ரார், கான்ஸின் உதவியாளராக இருந்ததோடு அந்த இறந்தவர் கூட்டத்திலும் நடந்தார். நடிப்புக்கும் சாட்சியத்துக்கும் இடையிலான எல்லை அங்கே கரைந்துவிட்டது.

1938இல் வெளியான பேசும்பட வடிவம் இந்தப் போக்கை அதன் எல்லைக்கே கொண்டுசெல்கிறது. இவ்வடிவில் கண்டுபிடிப்பாளனாக வரும் ழான் தியாஸ், தன் கண்டுபிடிப்பு இன்னொரு போருக்குப் பறிக்கப்படுவதைக் கண்டு, வெர்தூனில் மாண்டவர்களை அழைக்கிறான். எழுபவர்களில் எல்லா நாட்டினரும் உண்டு. அவர்களிடையே, முகம் சிதைந்த உண்மையான முன்னாள் வீரர்களை கான்ஸ் கேமராவின் முன் நிறுத்தினார். இம்முறை குற்றவாளிக் கூண்டில் நிற்பது உலகம் முழுவதும். போர் முடிந்து இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், இதைத் துக்கம் ஆற்றும் சடங்கு என்று எப்படிச் சொல்வது? வரவிருக்கும் போரைத் தடுக்கவே இந்த இறந்தவர்கள் எழுந்தார்கள். அவர்களால் தடுக்க முடியவில்லை என்பது வேறு செய்தி.

வியட்நாமில் மாண்ட மகன் வீட்டுக்குத் திரும்பி இரத்தம் தேடும் பாப் கிளார்க்கின் ‘டெத்ட்ரீம்’ (1974), போரில் மாண்ட வீரர்கள் வாக்களிக்க எழுந்துவரும் ஜோ டான்டேயின் ‘ஹோம்கமிங்’ (2005) ஆகியவை கான்ஸிடம் நேரடியாகக் கடன்பட்டவை என்று நான் வாதிடவில்லை. ஆனால் முதலாவது குடும்பத்தையும் இரண்டாவது அரசையும் கூண்டில் ஏற்றுகின்றன. 1919க்கும் 1922க்கும் இடையே கான்ஸ் கடந்த தொலைவும் அதுவே. வின்டர் விளக்கும் ஆறுதல் 1919ஆம் ஆண்டு வடிவத்தின் இறுதியில் மட்டுமே, அதுவும் நிபந்தனையோடு நிலைக்கிறது. அந்த வடிவத்தைக் கொண்டு மற்ற இரண்டையும் அளக்கக் கூடாது. இனி ‘ழாக்யூஸ்’ பற்றி எழுதுவோர் எந்த வடிவத்தைக் குறிக்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.