பெரியப்பாவின் ஏ40உம் ஒரு சோடி வில்லும்

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரை மாமரத்துக்குக் கீழே ஜக் போட்டு உயர்த்தினோம். முன்பக்கம் இடப்புறம் பதிந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் மட்காட்டில் ரயர் உரசும். புதுச் சுருள்வில் ஒரு சோடி இணையத்தில் எடுப்பித்திருந்தேன். 'ரெண்டு மணித்தியால வேலை' என்று நினைத்துத் தொடங்கினது பின்னேரம் வரை இழுத்தது. வேலைக்கு நடுவில் பெரியப்பா சொன்ன கதைகள்தான் இதை எழுத வைத்தன.

முதலில் ஒரு அடிப்படை விசயம். வில்லும் சொக் அப்சோபரும் ஒன்றில்லை. வில்லு வாகனத்தின் பாரத்தைத் தாங்கும், குலுக்கத்தை வாங்கும். ஆனால் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு பள்ளத்துக்கு நாலு தரம் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கி, அதை வெப்பமாக மாற்றுவது சொக்கின் வேலை.

வில்லு பழசு. 1804இல் லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கான நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை எடுத்தார். குதிரையின் வேகத்துக்கு அது போதும், தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலைக் கொஞ்சம் அடக்கிவிடும். மோட்டார் கார் வந்து வேகம் கூடின பிறகுதான் சிக்கல். பிரான்சில் துருபோ உருவாக்கின உராய்வுச் சொக்கை, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்பவர் 1900களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

கம்பனி பூட்டாததைச் சொந்தக்காரர் வாங்கிப் பூட்டுகிற பழக்கம் பெரிதாக வளர்ந்தது ஃபோர்ட் மொடல் ரி காலத்தில். 1908இலிருந்து 1927 வரை 1.5 கோடி கார்கள் செய்தார்கள், ஆனால் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த காரில் சொக் அப்சோபரே இல்லை. அந்த இடைவெளியில் ஹாஸ்லர் போன்ற கம்பனிகள் பிழைத்தன. காரை வாங்கினவர் பலநேரம் கமக்காரர். கலப்பையைத் திருத்துகிற அதே கையால் காருக்கும் இதைப் பூட்டினார். அடுத்து வந்த மொடல் ஏயில் ஃபோர்டே எண்ணெயில் இயங்கும் ஊடாய் சொக்கைப் பூட்டித் தந்தது. ஆட்கள் தங்கட முற்றத்தில் செய்துகொண்டிருந்ததைக் கம்பனி பிந்தி ஏற்றுக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி எங்கட பக்கம். யாழ்ப்பாணத்து றோட்டுகளில் இன்றைக்கும் ஓடுகிற ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் பிள்ளைகள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. இரண்டிலும் பின்பக்கம் பட்டை வில்லு. முன்பக்கம் ஏ40க்குச் சுருள்வில். மைனருக்கு முறுக்குக் கம்பி. இரண்டிலும் இருந்த சொக், இன்றைக்கு நாங்கள் காணும் குழாய் வடிவச் சொக் இல்லை. எண்ணெய் நிரம்பின ஒரு உலோகப் பெட்டி. அதிலிருந்து நீளும் ஒரு கை. சில்லு ஏறி இறங்கக் கை அசையும், உள்ளே எண்ணெய் சின்ன வால்வுக்குள்ளால் நெருக்குப்பட்டுப் போகும். சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒழுகும், பிறகு கார் வள்ளம் மாதிரி ஆடும்.

அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியோடு கார் இறக்குமதி இறுகியது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து ஜப்பான் வாகனங்கள் வந்தபோது தெற்கில் பழைய பிரித்தானியக் கார்கள் மெல்ல ஒதுங்கின. வடக்கில் அவற்றுக்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது, அதுவும் சந்தோசமான காரணத்தால் இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் ஒன்றும் ஒழுங்காக வராது. அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் என்பதால் அவையே கலியாணக் கார், வாடகைக் கார், அம்புலன்ஸ் எல்லாம்.

எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடின கதையை எல்லாரும் சொல்லுவினம். அந்தக் கார் எதின்மேல் நின்றது என்று ஆரும் கேட்கிறதில்லை. ஷெல் விழுந்த றோட்டில், ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, முப்பது வருசப் பழைய வில்லு எப்படித் தாக்குப்பிடித்தது? பெரியப்பா சொன்னார்: 'பட்டை முறிஞ்சா லொறியின்ர பழைய பட்டையை வெட்டிக்கொண்டு கம்மாலைக்குப் போவம். அவர் காய்ச்சி வளைச்சுத் தருவார். அதே பட்டையிலதான் கத்தியும் அடிக்கிறவர்.' கராஜ்காரர், கொல்லர், கார்க்காரர் மூன்று பேருமாய்ச் சேர்ந்துதான் ஒரு வாகனத்தைக் காப்பாற்றியிருக்கினம்.

நான் இதைக் கேட்டுப் புளகாங்கிதப்பட்டு, 'எவ்வளவு கெட்டிக்காரத்தனம்' என்றேன். பெரியப்பா தன் வலக்கைப் பெருவிரலைக் காட்டினார். நுனி இல்லை. 93இல் இதே முன்பக்கச் சுருள்வில்லைக் கழற்றும்போது ஜக் வழுக்கியது. அமுங்கியிருந்த வில்லு பாய்ந்தது. 'ஆஸ்பத்திரியில விறைப்பு மருந்தும் இல்லை. கெட்டிக்காரத்தனம் எண்டு எழுதாத. வேற வழி இருக்கேல்லை எண்டு எழுது.'

அதனால்தான் எங்களுக்கு அன்றைக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. ஜக்கை நம்பவில்லை, சட்டகத்துக்குக் கீழே இரண்டு தாங்கிகள் வைத்தோம். வில்லைத் தாங்கும் தட்டிலிருந்த போல்ட்டுகளில் எதிரெதிரான இரண்டைக் கழற்றி, அவற்றின் இடத்தில் நீளமான போல்ட் போட்டோம். பிறகு மற்றவற்றைக் கழற்றி, நீளப் போல்ட்டுகளை மாறிமாறிக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தி, வில்லின் விசை முழுக்க அடங்கின பிறகுதான் கையை விட்டோம். ஒரு பக்கம்தான் பதிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றினோம். இல்லாவிட்டால் கார் சரிந்தே நிற்கும். றப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் நிலத்தில் நின்ற பிறகே இறுக்கினோம், தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். குழாய்ச் சொக்குக்கு மாறலாமா என்றும் பார்த்தோம். பின்பக்கத்துக்குச் சரி. முன்பக்கத்தில் பழைய சொக்கின் கையே சில்லைப் பிடித்திருக்கும் மேல் கையும்கூட. அதைக் கழற்றி எறிய முடியாது. எண்ணெய் மாற்றித் திரும்பப் பூட்டினோம்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபோது, பழசைப் பேணுவது மறுபடி எல்லாருடைய பிரச்சினையும் ஆனது. அப்போதும் இந்தக் கை வேலை தெரிந்தவர்களைத்தான் தேடி ஓடினோம். அவர்களில் பலர் எழுபது தாண்டிவிட்டார்கள். போர்க்கால வரலாறு என்று நாங்கள் சேர்ப்பதில் தலைவர்கள் இருக்கினம், சண்டைகள் இருக்கு, திகதிகள் இருக்கு. கம்மாலையில் பட்டை காய்ச்சினவரின் பெயர் பெரியப்பாவுக்கே மறந்துபோச்சு.

உங்கட ஊரிலும் அப்படி ஒரு கராஜ் இருந்திருக்கும். அந்த ஐயா இருக்கிறபோதே ஒருக்கால் போய்க் கதையுங்கோ. கையில் என்ன காயம் என்றும் கேளுங்கோ.