யார்க்டவுனும் பெங்களூர்க் கோட்டையும்

பெங்களூர் கிருஷ்ணராஜேந்திரர் சந்தைக்கு அருகே பழைய கோட்டையின் ஒரு பகுதி இன்றும் எஞ்சி நிற்கிறது. அதன் மதிலில் கல்லில் பொறித்த அறிவிப்பு ஒன்று உண்டு. 1791 மார்ச் 21ஆம் நாள் ஆங்கிலப் படை மதிலைப் பிளந்து உட்புகுந்த இடம் அதுவே என்று அது கூறுகிறது. காய்கறியும் மலரும் வாங்க வரும் நம்மவர் பலர் அதனைக் கடந்தே செல்கின்றனர். நம் பிள்ளைகளோ பள்ளியில் அமெரிக்க விடுதலைப் போரைப் படித்து, ஆண்டுகளை மனப்பாடம் செய்து, தேர்வெழுதிய பின் மறந்துவிடுகின்றனர். அப்பாடத்திற்கும் இக்கல்லுக்கும் உள்ள உறவை அவர்கட்கு எடுத்துரைப்பார் அரியர்.

அவ்வுறவு ஒரு மனிதரிடமிருந்து தொடங்குகிறது. 1781 அக்டோபர் 19ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து யார்க்டவுனில், ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் பணிந்து சரணடைந்த ஆங்கிலப் படைக்குத் தலைவர் காரன்வாலிஸ் பிரபு. உடல்நலமில்லை என்று கூறித் தாம் வாராது, துணைத் தளபதியை அனுப்பி வாளை ஒப்படைக்கச் செய்தார். அவரே ஐந்தாண்டுகளுக்குப் பின், 1786இல், கவர்னர் ஜெனரலாக இந்தியாவிற்கு வந்தார். யார்க்டவுனில் தோற்ற அதே தளபதிதான் பத்தாண்டு கழியுமுன் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தவர்.

இஃது ஒரு தனிமனிதரின் கதை மட்டுமன்று. 1778இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. உடனே அப்போர் நம் கடற்கரைக்கும் பரவிற்று. அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர்; 1779இல் மாகியையும் பிடித்தனர். மாகித் துறைமுகத்தின் வழியே படைக்கலம் பெற்றுவந்த மைசூர் ஐதர் அலி இதனைப் பொறுக்கவில்லை. வேறு மனக்குறைகளும் சேர, 1780இல் அவர் பெரும்படையுடன் கருநாடகச் சீமையினுள் இறங்கினார். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, உழவர் ஓடினர், பஞ்சம் வந்தது. அமெரிக்கப் போரின் கிளையொன்று தமிழ்நாட்டு வயல்களிலும் நடந்தது என்றால் அது மிகையன்று.

அமெரிக்கரும் இதனை அறிந்திருந்தனர். 1782இல் பென்சில்வேனியா மாநிலத்தின் போர்க்கப்பல் ஒன்று ஐதர் அலியின் பெயரையே தாங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் டெலவேர் விரிகுடாவில், ஜாஷுவா பார்னி என்பவர் தலைமையில் அக்கப்பல் தன்னினும் வலிய ஆங்கிலக் கப்பலொன்றைச் சிறைப்பிடித்தது. மைசூர் மன்னரின் பெயர் அமெரிக்கக் கடலில் வெற்றிப் பெயராய் விளங்கியதை எத்தனை வகுப்பறைகள் அறியும்?

நம் குடும்பங்கட்கு இவ்வரலாறு இன்னும் நெருக்கமானது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைக் கொண்ட பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பெனி ஆட்சிக்குச் சென்றன. 1809இல் பெங்களூரில் தண்டு அமைந்தது. சென்னைப் படையோடும் அதனை அடுத்த தொழில்களோடும் தமிழர் பலர் இங்கு வந்தனர். அல்சூரிலும் தண்டுப் பகுதியிலும் வேரூன்றிய குடும்பங்கள் பலவற்றின் தொடக்கம் இதுவே. அப்படியாயின், “நம் முன்னோர் கோட்டையைக் காத்தவரா, பிளந்தவரா?” என்று ஒரு பிள்ளை வினவினால் என்ன விடை சொல்வது? காரன்வாலிஸின் படையில் சென்னைச் சிப்பாய்கள் இருந்தனர் என்பதை மறைத்தல் ஆகாது. அதுவே முழு வரலாறு என்று சொல்லுதலும் ஆகாது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘வெங்களூர்’ ஏரியைக் குறிக்கிறது. அதற்கும் முந்திய பேகூர்க் கன்னட வீரக்கல், ஏறத்தாழ 890இல், பெங்களூர்ப் போரைக் கூறுகிறது. இருமொழியும் இம்மண்ணில் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தவை. இவ்வுண்மையை வெறுப்பின்றியும் வீண்பெருமையின்றியும் சொல்லத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும்.

அத்தகைய ஆசிரியரைத் தனியே விட்டுவிட்டுப் பாடநூலைக் குறைகூறுவதில் பயனில்லை. பாடநூலில் அமெரிக்கப் போர் ஓர் இயலிலும் மைசூர்ப் போர் மற்றோர் இயலிலும் நிற்கும். இரண்டையும் இணைத்துக் காண ஆசிரியர்க்கு நேரமும் நூல்களும் அறிஞர் துணையும் வேண்டும். அமெரிக்காவிலேயே இக்குறை உணரப்பட்டது. செனட் உறுப்பினர் ராபர்ட் பேர்ட் முயற்சியால் 2001இல் ‘அமெரிக்க வரலாறு கற்பித்தல்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. கற்பிக்கும் முறையை மட்டுமன்றி வரலாற்றையே ஆசிரியர் ஆழ்ந்து கற்பது அதன் நோக்கம். பள்ளி மாவட்டங்கள் பல்கலைக்கழகங்களோடும் அருங்காட்சியகங்களோடும் நூலகங்களோடும் இணைந்து அதனை நடத்தின. சுமார் பத்தாண்டுகட்குப் பின் நிதி நின்றது. எனினும் அதன் படிப்பினை நிற்கத்தக்கது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அந்த ஐம்பதில் ஐந்து மணி நேரத்தையேனும் கோட்டை மதிலின் முன்னும் மடிவாளத்துக் கல்லின் முன்னும் செலவிடலாகாதா?

இதில் தமிழ்ச் சங்கங்கட்கும் பங்குண்டு. ஆண்டிற்கொரு நாள் நகரத்து வரலாற்று ஆசிரியர்களைத் தமிழர், கன்னடர் என்னும் வேறுபாடின்றி அழைத்து, கல்வெட்டறிஞர் ஒருவரோடு இவ்விடங்களுக்கு இட்டுச் செல்லலாம். செலவு சிறிது, பயன் பெரிது. அவ்வாசிரியர் மறுநாள் வகுப்பில் யார்க்டவுன் என்று கரும்பலகையில் எழுதும்போது, பிள்ளைகள் தாம் நாள்தோறும் கடந்து செல்லும் மதிலையும் உடன் நினைப்பர். வரலாறு அவர்கட்கு அயலார் கதையாக இராது. தம் தெருவின் கதையாகும்.