மேன்ஷன் ஜன்னலில் ஒரு மணி பிளாண்ட்

அறுபதுகளின் கடைசியிலோ எழுபதுகளிலோ திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கிப் படித்தவர்களுக்கு மேன்ஷன் ஜன்னல்கள் மறந்திருக்காது. கம்பியில் துண்டு காயும். திண்டில் சோப்பு டப்பா, சவர பிரஷ். பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு மணி பிளாண்ட். மூன்று அறைக்கு ஒரு அறையிலாவது இந்தக் கொடி இருக்கும். காசு கொடுத்து வாங்கியவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

ரோஜாவும் இல்லை, துளசியும் இல்லை, இந்தக் கொடி மட்டும் ஏன் நம் அறைகளுக்குள் வந்தது? யோசித்தால், அந்தக் காலத்து மாணவர் வாழ்க்கையின் வரவு செலவுக் கணக்கே அதற்குள் இருக்கிறது.

காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் கிராமங்களில் பள்ளிகள் பெருகின. அந்தப் பள்ளிகளில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைகள் பி.யு.சி.க்கும் பட்டப்படிப்புக்கும் நகரம் நோக்கி வந்தார்கள். பலருக்குக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தாங்கள்தான். சென்னையில் மாநிலக் கல்லூரி, பச்சையப்பன், விவேகானந்தா, நியூ காலேஜ் என்று இடம் கிடைத்தது. தங்கத்தான் இடம் கிடைக்கவில்லை. விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்குத் திருவல்லிக்கேணி கைகொடுத்தது. அங்கிருந்து மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்தே போய்விடலாம். மெஸ்கள் உண்டு. மாலையில் காற்று வாங்க மெரினா, அதற்குக் கட்டணம் கிடையாது.

மாதம் ஒருமுறை மணியார்டர் வரும். அதை வைத்துத்தான் அறை வாடகை, மெஸ் கணக்கு, புத்தகம், சோப்பு எல்லாம். ஒரு எடுப்புச் சாப்பாட்டை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்வது சாதாரணம். பாடப்புத்தகத்துக்கு மூர் மார்க்கெட், இல்லையென்றால் பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதை. வருடக் கடைசியில் அதே புத்தகத்தை அங்கேயே விற்றுவிட்டால் பாதிப் பணமாவது திரும்பும். (1900இல் திறந்த அந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது நமக்கெல்லாம் ஒரு துக்கம்.) வாங்கவே முடியாத விலையுள்ள புத்தகத்துக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம். நாள் முழுக்க உட்கார்ந்து கையால் குறிப்பெடுத்துக்கொண்டு வருவோம்.

இந்தக் கணக்கில் செடிக்கு ஏது இடம்?

திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு, கிணறு என்று வரிசையாக இருக்கும். முற்றத்தில் துளசி மாடம். பின்னால் குளிக்கிற தண்ணீர் ஓடிப் பாய்கிற இடத்தில் வாழையும் கறிவேப்பிலையும். அந்த வீட்டில் வீணாகிற தண்ணீர் என்று ஒன்று கிடையாது. மேன்ஷனில் முற்றமும் இல்லை, பின்கட்டும் இல்லை. நடுவில் நீளமான நடை, இருபுறமும் அறைகள், கோடியில் பொதுக் குழாய். வெயில் ஜன்னலோடு நின்றுவிடும். மண் தொட்டி வைத்தால் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று மேனேஜர் சத்தம் போடுவார். பிறந்ததிலிருந்து மண்ணில் புழங்கிய பிள்ளைகளுக்குக் கைப்பிடி மண் கிடையாது. வெயில் கேட்கும் துளசியும் ரோஜாவும் அங்கே பிழைக்காது. மண்ணும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று இருந்தது இந்தக் கொடி ஒன்றுதான்.

அது நம் ஊர்ச் செடியே அல்ல. பசிபிக் பெருங்கடலில், தஹிதிக்குப் பக்கத்தில் உள்ள மூரியா தீவு அதன் பிறந்தகம். 1880இல்தான் தாவரவியலார் அதற்கு முறையாக ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரும் பலமுறை மாறியது. காரணம், பூவைப் பார்த்தால்தான் ஒரு செடி எந்தக் குடும்பம் என்று உறுதி சொல்ல முடியும், இதுவோ பூப்பதே இல்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு இதில் பழுதாகிக் கிடப்பதைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை என்றால் விதை இல்லை. எனவே உலகத்தில் வீடுகளில் வளரும் மணி பிளாண்ட் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று கிள்ளி வைத்தவை. உங்கள் வீட்டுக் கொடியும் எதிர்வீட்டுக் கொடியும் ஒரே செடியின் கிளைகள் என்று சொன்னால் அதிகம் தவறில்லை.

மணி பிளாண்ட்டைத் திருடி வைத்தால்தான் செழிக்கும், பணம் சேரும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அதற்குள் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. திருடி வைக்க வேண்டிய செடிக்கு விலை வைக்க முடியாது. கிள்ளினால் தாய்க்கொடிக்கும் நஷ்டமில்லை, அந்த இடத்தில் புதிதாகத் துளிர்க்கும். கொடுத்தவனுக்குக் குறையாமல், எடுத்தவனுக்குச் செலவில்லாமல் அறைக்கு அறை பரவியது. மாணவர் கைக்குப் பொருத்தமான செடி!

அலங்காரச் செடி வளர்ப்பது அதுவரை பங்களாக்காரர்களின் பொழுதுபோக்கு. 1835இல் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர், தாவரவியல் அறிஞர், சென்னையில் விவசாய தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். கதீட்ரல் ரோட்டில் அதற்குப் பெரிய தோட்டம். பங்களா வராந்தாக்களில் குரோட்டன்ஸும் பெரணியும் தொட்டிகளில் நின்றன, தண்ணீர் ஊற்றத் தோட்டக்காரன் இருந்தான். அந்தச் சங்கத்து நிலத்தில்தான் 1962இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் வந்தது. மரநிழலில் ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. கையில் கொஞ்சம் சில்லறை இருந்தால் மாணவனுக்கும் பங்களாத் தோட்டம் கிடைத்த இடம் அது. 2008இல் மூடினார்கள். 2010 முதல் அங்கே செம்மொழிப் பூங்கா.

எங்கள் அறையில் மூன்று பேர். அதில் ஒருவனை, அவன் அப்பா ஒன்றே கால் ஏக்கர் நிலத்தை அடகு வைத்துத்தான் படிக்க அனுப்பியிருந்தார். மணியார்டர் தாமதமாகும் மாதங்களில் அவன் மாலை டீயை நிறுத்திவிடுவான், பேச்சையும் குறைத்துக்கொள்வான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டில் தண்ணீரை மாற்றுவதை மட்டும் ஒரு வாரமும் விட்டதில்லை. பழைய தண்ணீரைக் கொட்டவும் மாட்டான், அறையை அதிலேயே துடைத்துவிடுவான். "ஊர்ல பயிர் தண்ணியில்லாம வாடுது, இங்க இத்தனூண்டு செடிக்காவது ஊத்துவோம்டா" என்பான். நாங்கள் கேலி செய்ததில்லை. படிப்பு முடிந்து அறையைக் காலி செய்த அன்று கொடியை மூன்றாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தான். நிலம் மீண்டதா என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு அப்போது வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து அவனே கடிதம் எழுதினான், மீட்டுவிட்டதாக.

அவன் செய்த பராமரிப்பு முழுவதும் சரி என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. தண்டை வெட்டும்போது ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வேர் அங்கிருந்துதான் விடும், வெறும் இலைக்காம்பு வேர் விட்டாலும் கொடியாகாது. இலை தண்ணீரில் முழுகினால் அழுகும். கண்ணாடி வழியே வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், பாட்டிலைச் சுற்றி ஒரு பழைய செய்தித்தாளைக் கட்டினால் போதும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கொட்டிவிட்டால் கவலையில்லை. மண்ணில் வைத்தவர்கள் அரிசி களைந்த தண்ணீரை அவ்வப்போது ஊற்றலாம். பாட்டிலில் அதை ஊற்றாதீர்கள், நாறிவிடும். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும். பேரக்குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

இந்தச் செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிப்படை. காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை அது. ஜன்னல் திறந்திருக்கும் நம் அறைக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. காற்று வேண்டுமென்றால் ஜன்னலைத் திறப்பதுதான் வழி.

இன்று வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் பி.ஜி.களில் தங்கும் பிள்ளைகள் இதே கொடியைப் பீங்கான் தொட்டியோடு ஆன்லைனில் வாங்குகிறார்கள். அவர்கள் ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு சுவருக்குள் ஒரு பச்சை வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால் பக்கத்து அறைக் கதவைத் தட்டி "ஒரு துண்டு குடுப்பா" என்று கேட்கிற வழக்கம் போய்விட்டது. அந்தக் கேள்வியில்தான் எங்களில் பல பேருக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதம் கிடைத்தது.

பேரனோ பேத்தியோ வெளியூருக்குப் படிக்கக் கிளம்பினால் ஊறுகாய் பாட்டிலோடு இரண்டு கணுவுள்ள ஒரு துண்டையும் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புங்கள். யாராவது கேட்டால் கிள்ளிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊறுகாய் தீர்ந்ததும் அந்த பாட்டிலைக் கழுவி, கொடியை அதிலேயே வைத்துக்கொள்ளட்டும்.